இருபத்திரண்டு மஞ்சள் தொப்பிகள்

என் மருமகள் ஊர் சுற்றிக் காட்டுகிறவள். கடலோரத்தில் இருக்கும் எங்கள் பழைய ஊருக்கு வருகிறவர்களை மினி பஸ்ஸில் ஏற்றி, கோட்டை, சுங்க மாளிகை, கலங்கரை விளக்கம் எல்லாம் காட்டி, பிறகு பக்கத்துக் கிராமங்களுக்கும் கூட்டிப்போய், சாயங்காலம் கொண்டுவந்து ரயிலேற்றி விடுவாள். பஸ் ஓட்டுகிறவன் என் மகன். அவள் விசில் அடித்தால்தான் அவன் வண்டியை எடுக்கலாம். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

கல்யாணமாகி வந்த முதல் நாளே மொட்டை மாடிக்குப் போனவள், "அத்தை, அதோ தெரியுதே அந்தக் கோபுரம், அது என்ன?" என்று கேட்டாள். "அது பாட்டுக்கு அங்க நிக்குது. உனக்கென்ன?" என்றேன். ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், கலங்கரை விளக்கத்தின் கிட்டே போனதில்லை. தூரத்திலேயே தெரிகிற ஒன்றை எதற்குக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அவளுக்கு அது பிடிபடவே இல்லை.

அப்புறம் அவளுக்குக் கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்தில் வேலை கிடைத்தது. வாசலில் குடையும் பையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிற வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைடு தினமும் நாலு தடவை ஒரே கதையைச் சொல்லுவார். ஆறு வருஷம் கேட்டுக்கேட்டு இவளுக்கு அத்தனையும் மனப்பாடம். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். வந்த கூட்டமோ திரும்பிப்போக மாட்டேன் என்று நிற்கிறது. இவள் குடைகளைப் பூட்டிவைத்துவிட்டு வெளியே வந்து, "வாங்க, நான் காட்டுறேன்" என்றாளாம். அவர் சொன்னதில் ஒரு எழுத்து பிசகவில்லை. அவர் பீரங்கிக்குப் பக்கத்தில் வந்தால் இருமுவார். இவளும் அங்கே இருமினாள். இன்றைக்கும் பீரங்கியிடம் வந்தால் அவளுக்கு இருமல் வரும். அது இல்லாவிட்டால் அடுத்த வரி வராதாம்.

அதற்கப்புறம் பரீட்சை எழுதி, பித்தளையில் பாய்மரக் கப்பல் பொறித்த பேட்ஜ் வாங்கினாள். எனக்குப் படிக்கத் தெரியாது. அதில் என்ன போட்டிருக்கிறது என்று அவள்தான் விரலை வைத்து வாசித்துக் காட்டினாள். தினமும் காலையில் அதைப் பல் தேய்க்கிற பொடி போட்டுத் தேய்ப்பாள். என் மகன் ஷேவிங் செய்ய அதைத்தான் கண்ணாடியாக வைத்துக்கொள்வான்.

அந்த பேட்ஜுக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு பயணி, மியூசியத்தில் பெரிய கப்பல் பொம்மைக்குப் பின்னால் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டார். இவள் தலையை எண்ணியிருக்கிறாள், சரியாக இருந்திருக்கிறது. யார் தலையை இரண்டு தடவை எண்ணினாளோ, கடவுளுக்கே வெளிச்சம். மியூசியத்தைப் பூட்டிவிட்டார்கள். மனிதர் சாயங்காலம் வரை உள்ளே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். சுற்றுலா ஆபீசில் இவளைக் கூப்பிட்டு, "ஒரு மாசம் பார்ப்போம். ஒவ்வொரு பயணத்துக்கும் கூட்டத்தோட தலைவர் ஃபாரம் எழுதிக் கையெழுத்து போடணும். இன்னொரு ஆள் விட்டுப்போச்சுன்னு ஒரு ஃபாரம் வந்தாலும் பேட்ஜை மேஜையில வெச்சுட்டுப் போயிடணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு வந்து உட்கார்ந்து, பழைய ஜன்னல் திரையை வெட்டித் தொப்பி தைக்க ஆரம்பித்தாள். மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள். "தலை ஆடும், குனியும், திரும்பும், நம்மை ஏமாத்தும் அத்தை. தொப்பி ஏமாத்தாது" என்றாள். பஸ்ஸில் இருபத்திரண்டு சீட்டு. சீட்டு முதுகுகள் உயரம். முன்னால் நின்று பார்த்தால் மேலே தொப்பி மட்டும்தான் தெரியும். இருபத்திரண்டு தெரிந்தால் விசில். துணி மிஞ்சியது என்று இருபத்து மூன்றாவதாக ஒன்று தைத்து, கடைசி வரிசையில் ஒரு பையில் போட்டுவைத்தாள். அந்த இருபத்து மூன்றாவது தொப்பியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஓடியது. எல்லா ஃபாரமும் சுத்தம். கடைசிப் பயணத்தன்று காலையில் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். ஆபீசில் பேட்ஜைப் பிடுங்கிவிட்டால், இவள் என்னதான் வேலை பார்த்தாள் என்று பார்க்காமலே போய்விடுவேனே.

"அம்மா, சீட்டே இல்லம்மா," என்றான் மகன்.

"பின்னாடி டூல்பாக்ஸ் மேல உட்காருறேன்."

"முதுகு போயிடும்."

"அது என் முதுகு. நீ ரோட்டைப் பாரு."

மருமகள் சிரித்தாள். "வரட்டுங்க. ஆனா அத்தை, கூட்டத்துல யாரோடயும் சண்டை போடக் கூடாது."

நான் எங்கே சண்டை போடுகிறேன்? என் கட்சியைச் சொல்லுவேன், அவ்வளவுதான்.

வந்தவர்கள் ஒரே டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சிலர் மனைவியோடு, சிலர் தனியாக, மொத்தம் இருபத்திரண்டு பேர். அவர்களுக்குத் தலைவர் ஒரு பழைய சூப்பரின்டெண்ட். ஆபீஸ் முழுக்க 'ரூல்ஸ் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கையில் ஒரு தடித்த புத்தகம், சட்டைப் பையில் மூன்று பேனா. அந்த ஃபாரத்தில் கையெழுத்து போட வேண்டியவர் அவர்தான்.

கோட்டையில் ஆரம்பித்தது. "இந்தக் கோட்டையைப் பதினொரு வருஷத்துல கட்டி முடிச்சாங்க. எங்க வீட்டு மாடியைப் பதினாறு வருஷமா கட்டிட்டிருக்கோம்" என்றாள் என் மருமகள். எல்லாரும் சிரித்தார்கள். ரூல்ஸ் சார் புத்தகத்தைப் புரட்டி, "பன்னிரண்டு வருஷம்" என்றார். பீரங்கிக்கு வந்தோம். அவள் இருமினாள். "இந்தப் பீரங்கி ஒரே ஒரு தடவைதான் சுட்டுச்சு. குண்டு திரும்பி அவங்க சமையலறையிலயே விழுந்துச்சு. எதிரி அந்தப் பக்கம் உட்கார்ந்து கை தட்டினானாம்." ரூல்ஸ் சார், "கை தட்டினதுக்கு ஆதாரம் இல்லை" என்றார். சுங்க மாளிகையில் கதவின் உயரத்தைத் திருத்தினார். பழைய வீதியில், பச்சை மரச்சட்டம் போட்ட ஜன்னல்கள் எத்தனை என்பதைத் திருத்தினார். ஒரு பெரியம்மா என் காதில், "முப்பது வருஷம் எங்க லீவு லெட்டரை இப்படித்தான் திருத்தினாரு" என்றாள்.

எனக்கானால் தலை கிறுகிறுத்தது. ஐம்பது வருஷம் காய்கறிப் பையோடு நடந்த வீதி அது. அந்தப் பால்கனிக்குக் கீழே சிங்க முகம் செதுக்கியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். "டேய், இது எப்ப வெச்சாங்க?" என்று மகனைக் கேட்டேன். "நீ பொறக்கறதுக்கு இருநூறு வருஷம் முன்னாடிம்மா" என்றான்.

அப்புறம் கலங்கரை விளக்கம். கிட்டே போனால், அம்மாடி, கழுத்து சுளுக்கும் உயரம். "உள்ளே சுருள் படி. மொத்தம் நூத்தி அறுபத்திரண்டு" என்றாள் மருமகள்.

"நூற்றி எழுபது. புத்தகத்துல இருக்கு."

"நான் தினமும் ஏறுறேன் சார்."

"அச்சடிச்சது தப்பா இருக்காதும்மா."

எல்லாரும் ஏறினார்கள். நான் ஏறவில்லை, முட்டி ஒத்துக்கொள்ளாது. கீழே நின்றேன், வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ்ஸுக்குள் போய் டூல்பாக்ஸ் மேல் உட்கார்ந்தால், பின் கண்ணாடி வழியாக வெயில் அங்கேயும் வந்து உச்சந்தலையில் உட்கார்ந்தது. காலடியில் பை கிடந்தது. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நன்றாகவே பொருந்தியது.

கூட்டம் இறங்கி வந்து ஏறியது. மேலே அடித்த காற்றில் எல்லாருக்கும் ஒரு மாதிரி உற்சாகம் ஏறிப்போயிருந்தது. ஒருவர் இன்னொருவர் தொப்பியைப் பிடுங்கினார், ஒரு அம்மா பாடினாள். மருமகள் முன்னால் நின்று எண்ணினாள். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு. விசில். கிளம்பிவிட்டோம்.

வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் போனால் உப்புக் கிராமம். வழியெல்லாம் ஒரே கூத்து. பாட்டுக்குப் பாட்டு போட்டார்கள். பழைய ஆபீஸ் கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பஸ் அன்றைக்கு ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

உப்புக் கிராமத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். வரப்பில் குவியல் குவியலாக உப்பு. கண் கூசியது. பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் தொப்பிகளைப் பார்த்துச் சிரித்தார்கள். மருமகள் வரப்பில் ஏறி நின்று, "இங்க உப்பு எடுக்க ஆரம்பிச்சு இருநூத்தி நாப்பது வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

நிறுத்தியவள் நிறுத்தியபடியே நின்றாள். யாரோ ஏதோ சொல்ல வேண்டும், அதற்கு இடம் விட்டாள். யாரும் சொல்லவில்லை.

"இருநூத்தி நாப்பது," என்றாள் மறுபடி, சத்தமாக. காற்றுதான் அடித்தது. "ஆயிரம் வருஷம்!" என்று கத்தினாள். அதற்கும் மறுப்பு இல்லை.

அவள் முகம் வெளுத்தது. "ரூல்ஸ் சார் எங்க?"

எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்து எண்ணினாள். "இருபத்திரண்டு இருக்கே! என்னங்க, நீங்க எண்ணுங்க."

மகன் எண்ணினான். "இருபத்திரண்டுதான்."

"அவர் இல்லை, கணக்கு சரியா இருக்கு. எப்படி?"

என் உச்சந்தலையில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"இருபத்தொண்ணு," என்றான் மகன்.

பஸ் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. "வெயில் அடிச்சுது. அதுக்கு நான் என்ன பண்ண?" என்றேன். யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, அது ஒவ்வொரு சீட்டாகப் பரவி, டெலிபோன் ஆபீஸ் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். அவள் கை பேட்ஜைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் தொப்பியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். ஆனாலும் வெயில் அடித்தது நிஜம்தானே.

"ஃபோன் போடுங்க!" என்றார் ஒருவர். போட்டார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு கைப்பைக்குள் மணி அடித்தது. ரூல்ஸ் சாரின் மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"அக்கா, உங்க பக்கத்துல சார் இல்லைன்னு உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள் மருமகள், அழுகிற குரலில்.

அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "படியை இன்னொரு தடவை எண்ணிட்டு வரேன், அந்தக் கைடு அம்மாகிட்ட சொல்லி வெயிட் பண்ணச் சொல்லுன்னாரு. சொல்லத்தான் வந்தேன். வந்து பார்த்தா ஜன்னல் சீட்டு காலியா இருந்துச்சு. முப்பத்தெட்டு வருஷமா எந்தப் பஸ்லயும் ஜன்னல் ஓரம் அவருதாம்மா. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்போம்னு உட்கார்ந்தேன். காத்து வந்துச்சு. அப்படியே…"

"அப்படியே முக்கால் மணி நேரம்!"

"நல்லா இருந்துச்சும்மா," என்றாள் அவள், பரம சாந்தமாக.

மகன் வண்டியைத் திருப்பினான். வளைகுடாவின் அந்தக் கரையில், பென்சில் நட்டுவைத்த மாதிரி கலங்கரை விளக்கம் தெரிந்தது. திடீரென்று அந்தப் பாட்டுக்கார அம்மா, "மேல பாருங்க, மஞ்சளா ஒண்ணு!" என்று அலறினாள். உச்சி மாடத்தில் ஒரு கடுகளவு மஞ்சள் நகர்ந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் பாய்ந்து சாய, பஸ்ஸும் சாய்ந்தது. "உட்காருங்க, வண்டி உப்புல கவுந்துடும்!" என்று மகன் கத்தினான். அவரைக் காணோம் என்றதற்கப்புறம் மருமகள் முதல் தடவையாகச் சிரித்தாள். "பார்த்தீங்களா? தொப்பி ஏமாத்தாது."

போகிற வழியில் இன்னொரு பேச்சு கிளம்பியது. "சொல்லி அனுப்பியிருக்கோம், பஸ் கீழ நிக்குதுன்னுதான் அவர் நெனச்சிட்டிருப்பாரு. நாம போனதே அவருக்குத் தெரியாது. நாமளும் சொல்ல வேணாம்" என்றார் ஒருவர். "சொன்னா இந்தப் பொண்ணு பேட்ஜ் போயிடும்" என்றாள் பெரியம்மா. பேட்ஜ் கதையை நான்தான் அவளிடம் கோட்டையிலேயே சொல்லியிருந்தேன். இருபத்தொரு பேரும் வாயில் விரல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சத்தியம் செய்தார்கள். ஜன்னல் அம்மா எல்லாருக்கும் முன்னால் செய்தாள்.

போய் இறங்கினால், ரூல்ஸ் சார் உள்ளே சுருள் படியின் அடியில், விளக்கைப் பார்த்துக்கொள்ளும் விளக்குக்காரரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். சட்டை நனைந்து, முகம் சிவந்து, குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தார். "இறங்கிட்டீங்களா எல்லாரும்? இன்னும் ஒரே ஒரு தடவை எண்ணிட்டு வந்துடறேன்" என்றார். பஸ் போனதோ வந்ததோ அவருக்குத் தெரியவே தெரியாது.

இருபத்தொரு பேரும் கடலைப் பார்த்தார்கள். நான் மருமகளின் கையை நன்றாகக் கிள்ளினேன். "பேசாம இருடி" என்று அர்த்தம். அவள் கையை உதறிவிட்டு முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்களை விட்டுட்டு உப்புக் கிராமம் வரைக்கும் போயிட்டோம். எண்ணினது நான். தப்பு என்னோடது."

அவர் டீயைக் கீழே வைத்தார். "விட்டுட்டுப் போனீங்களா? என்னையா?"

"ஆமா சார்."

"நான் போட்ட தொப்பிதான் சார் காரணம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன் நான். கிள்ளியதற்குப் பலன் இல்லாமல் போனபிறகு வேறென்ன செய்வது?

"நீங்க சொல்லச் சொன்னதை நான்தாங்க சொல்லலை," என்றாள் அவர் மனைவி.

"ஏன்?"

"ஜன்னல் சீட்டு."

அவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஃபாரத்தை எடுத்துத் தொடைமேல் வைத்து, பேனாவைத் திறந்தார். என் மருமகள் பேட்ஜின் ஊக்கைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"அவசரப்படாதீங்கம்மா. கேள்வி எப்படி இருக்குன்னு பாருங்க," என்று வாசித்தார். "'வழிகாட்டியின் கவனக்குறைவால் எந்தப் பயணியாவது காத்திருக்க நேர்ந்ததா?' நான் காத்திருந்தேனா?" விளக்குக்காரரைப் பார்த்தார். "நான் காத்திருந்தேனாய்யா?"

"எங்க காத்திருந்தீங்க? ஏறி இறங்கி என் உயிரை எடுத்துட்டு இருந்தீங்க," என்றார் விளக்குக்காரர்.

"அப்ப 'இல்லை'." அதைப் பெரிதாக எழுதினார். அதோடு விட்டாரா? கீழே 'வேறு குறிப்பு' என்று இடம் இருந்ததாம். அதையும் விடாமல் நிரப்பினார். எழுதியதை உரக்க வாசித்தார்: "'தொப்பிகளின் எண்ணிக்கை சரி. பட்டியலில் இல்லாத ஒரு தலை தொப்பி அணிந்திருந்தது. அந்தத் தலைக்கு ஒரு சீட்டு ஒதுக்கப் பரிந்துரைக்கிறேன். படிகள் நூற்றி அறுபத்திரண்டு என வழிகாட்டி கூறியது மூன்று முறை சரிபார்க்கப்பட்டது. புத்தகம் தவறு.'" அப்புறம் அந்தத் தடித்த புத்தகத்தைத் திறந்து, நூற்றி எழுபதை அடித்துவிட்டு, மேலே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

டெலிபோன் ஆபீஸ் கை தட்டியதில் கடல் பறவைகள் எழுந்து பறந்தன. பெரியம்மா என் மருமகளைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் பேட்ஜை வாங்கி மறுபடி குத்திவிட்டேன். அவசரத்தில் தலைகீழாகக் குத்திவிட்டேன் போல; அன்று முழுக்க அந்தக் கப்பல் கவிழ்ந்தேதான் போயிற்று.

மிச்சம் இருந்த நேரத்தில் படகு கட்டுகிற கிராமத்தையும் பார்த்தோம். பாதி கட்டிய படகில் அத்தனை பேரும் ஏறி நின்று, அது மணலில் நிற்கும்போதே அலை வந்த மாதிரி ஆடினார்கள். ஆசாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தப் படகு கட்ட எட்டு மாசம் ஆகும்" என்றாள் மருமகள். "ஒன்பது," என்றார் ரூல்ஸ் சார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் திருத்தத்தைக் கேட்டு அப்படி யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். திரும்பும்போது அவர் ஜன்னலோரத்துக்காக நின்று பார்த்தார். மனைவி நகரவில்லை. உள் சீட்டில் உட்கார்ந்து, ரயில் நிலையம் வரை புத்தகத்தைத் திருத்திக்கொண்டே வந்தார்.

பேட்ஜ் நிலைத்தது. ஆபீசில் அந்தக் குறிப்பை வாசித்துவிட்டு, "அந்தத் தலை யாரும்மா?" என்று கேட்டார்களாம். அவள் எனக்காகச் சிவப்புத் துணியில் தனியாக ஒரு தொப்பி தைத்துவிட்டாள். மஞ்சளை மட்டும் எண்ணுவாள், சிவப்பு கணக்கில் வராது.

போன வாரம் அந்தச் சிவப்பைப் போட்டுக்கொண்டு நானும் கலங்கரை விளக்கம் ஏறினேன். அங்கங்கே உட்கார்ந்து, முட்டியைத் திட்டி, எண்ணி எண்ணி ஏறினேன். மேலே காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. கீழே என் மருமகள் பெருவிரல் அளவுக்கு நின்றாள், நெஞ்சில் பித்தளை மினுக்கென்றது.

"அத்தை! எத்தனை?" என்று கத்தினாள்.

"நூத்தி அறுபத்தொண்ணு!"

"ஒண்ணு குறையுது!"

"ஒரு படியில உன் புருஷன் உட்கார்ந்திருந்தான்! அதை எண்ணலை!"

கீழே நின்றவர்கள் சிரிப்பது மேலே வரை கேட்டது. சிரிக்கட்டும். நான் எண்ணியது நூற்றி அறுபத்தொன்றுதான். யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.